நாலே கம்பி... பாட்டுக்கு அடியில் ஓடும் ஆறு! - ஆளை இழுக்கும் பேஸ் கிட்டார்

பென்னாகரம் தாண்டி பஸ் மலைச்சாலையில் இறங்கும். ஒகேனக்கல் வந்து, மீன் வறுவல் கடைகளையும் எண்ணெய் மசாஜ்காரர்களையும் கடந்து நடந்தால், அருவி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் வந்துவிடும். காதில் விழுவதைவிட நெஞ்சுக்கூட்டில்தான் அது அதிகம் விழும். பாறையில் மோதிச் சிதறும் நீர் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மேலே ஒலிக்க, அடியில் ‘தும்ம்ம்’ என்று ஒரு கனத்த முழக்கம் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆடிப்பெருக்குக் கூட்டத்தின் கூச்சலில் மேல் சத்தம் அமுங்கிப்போனாலும் அந்த அடிச்சத்தம் மட்டும் அமுங்காது.

பாட்டிலும் அப்படி ஓர் அடிச்சத்தம் உண்டு. அதை வாசிக்கும் கருவிக்குப் பெயர் பேஸ் கிட்டார். நம்மில் பலர் பல வருடங்களாக அதைக் கேட்டுக்கொண்டே, அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கிறோம். ஆனால் ஒருமுறை காது அதைப் பிடித்துவிட்டால் கதை வேறு. அப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் முதலில் அதுதான் கேட்கும். சிலர் அதோடு நிற்பதில்லை, கடைக்குப் போய் நாலு கம்பி கிட்டார் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ஒகேனக்கல்லுக்கும் இந்தக் கதைக்கும் இரண்டு தொடர்புகள் உண்டு. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது. 1992-ல் வந்த ‘ரோஜா’வின் ‘சின்னச் சின்ன ஆசை’ பாடல் இங்கேயும் படமாக்கப்பட்டது. மின்மினியின் குரலையும் வைரமுத்துவின் வரிகளையும் கவனித்த அளவுக்கு, அந்தப் பாட்டின் அடியில் நடப்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஹெட்போனில் இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். ஜமைக்கா தீவின் ‘ரெகே’ இசையின் சாயலோடு, துள்ளி, சட்டென்று நின்று, மறுபடியும் துள்ளும் ஒரு பேஸ் ஓட்டம் தெரியும். அந்த ‘நின்று போவது’தான் பாட்டுக்கு ஒரு சிறுமியின் நடையைக் கொடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் பாட்டு நடக்கும், துள்ளாது.

இரண்டாவது தொடர்பு பெயர்ப் பொருத்தம். ‘ஒகே’ என்றால் கன்னடத்தில் புகை. ‘கல்’ நமக்கும் கல்தான். அருவித் திவலைகள் புகைபோல எழுவதால் ‘புகையும் கல்’ என்று பெயர். உலகம் முழுக்க கிட்டார் தொடுகிற பிள்ளைகள் முதலில் வாசித்துப் பார்க்கும் பாட்டின் பெயரும் கிட்டத்தட்ட அதுவே. ‘டீப் பர்பிள்’ குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’, அதாவது தண்ணீர் மேல் புகை!

அந்தப் புகை நிஜப் புகை. 1971 டிசம்பர் 4 அன்று ஸ்விட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில், ஜெனீவா ஏரிக்கரையில் இருந்த சூதாட்ட மாளிகையில் ஃபிராங்க் ஸாப்பாவின் கச்சேரி நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. மாளிகை எரிந்து, புகை ஏரியின் மேல் படர்ந்தது. அங்கே ஆல்பம் பதிவு செய்ய வந்திருந்த டீப் பர்பிள் குழுவினர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓரிரு நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து எழும்போது அந்த வார்த்தைகளை முணுமுணுத்தவர் ரோஜர் குளோவர். குழுவின் பேஸ் கலைஞர் அவர்தான்.

ராக் இசையிலேயே பேஸ் என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இதைவிட எளிமையான பாட்டு கிடையாது. ஒவ்வோர் ஆளாக உள்ளே வருவார்கள். முதலில் கிட்டார் மட்டும் அந்தப் பிரபலமான மெட்டை வாசிக்கும். பிறகு டிரம்ஸின் சிம்பல், ஆர்கன், முழு டிரம்ஸ். கடைசியாக பேஸ். அது வாசிப்பது ஒன்றும் பெரிய வித்தையல்ல. பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தை ‘தும் தும் தும் தும்’ என்று விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் அது நுழைகிற நொடியில், அதுவரை நின்றுகொண்டிருந்த வண்டி கிளட்ச் விட்டதும் நகர்வதுபோல முழுப் பாட்டும் நகரும். பேஸ் வாசிக்க ஆசைப்பட்டவர்களைக் கேட்டால், இப்படி ஏதாவது ஒரு பாட்டில், ஏதாவது ஒரு நொடியில்தான் விழுந்திருப்பார்கள்.

போனில் ஏன் கேட்பதில்லை?

இந்தக் கட்டுரையைப் படிக்கும் போனிலேயே அந்தப் பாட்டைப் போட்டுப் பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். தப்பு போனுடையது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த கம்பி, நொடிக்கு சுமார் 41 முறை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82 முறை. அதாவது பேஸ் சரியாக ஒரு ஸ்தாயி கீழே. இவ்வளவு மெதுவான அதிர்வைக் காதுக்குக் கொண்டுவர நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். போனுக்குள் இருக்கும் சுண்டுவிரல் நகம் அளவு ஸ்பீக்கரால் அது முடியாது. மேலே உள்ள கிளை ஒலிகளை வைத்து, ‘கீழே இன்ன ஸ்வரம் இருந்திருக்கும்’ என்று மூளையே கணக்குப் போட்டு ஓரளவு நிரப்பிக்கொள்கிறது. ஆனால் நெஞ்சில் விழும் அடியை மூளையால் உண்டாக்க முடியாது. நல்ல ஹெட்போன் தேவை.

ஒருவகையில், போன் வருவதற்கு முந்தைய தலைமுறை இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தது. சேலம், தர்மபுரி பக்கம் ஓடிய தனியார் பஸ்களில் சீட்டுக்கு அடியில் ஊஃபர் வைத்து இளையராஜா பாடல்களைப் போடுவார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த சீட்டில் உட்கார்ந்து வந்தவர்கள் காதால் மட்டுமல்ல, முதுகெலும்பாலும் பேஸ் கேட்டவர்கள். ‘இளைய நிலா’வின் கிட்டாரை ரசித்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேரை ஆட்டிவைத்தது அடியில் இருந்த பேஸாகத்தான் இருக்கும்.

தமிழ்க் காதுக்கு அடிநாதம் ஒன்றும் புதிதல்ல. தவிலின் தொப்பிப் பக்கம், உறுமியின் இழுபடும் முனகல் எல்லாம் அந்த வேலையைத்தான் செய்கின்றன. மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதே அந்த ‘தொம்’ கனமாக விழ வேண்டும் என்பதற்காகத்தான். ஆனால் தாளத்தின் கனத்தோடு ஸ்வரமும் சேர்ந்து நடக்கிற ஒரு கருவி, பாட்டின் அடியில் இன்னொரு பாட்டாகவே ஓடுகிற ஒன்று, சினிமாப் பாட்டு வழியாகத்தான் நம் வீடுகளுக்குள் முழுசாக நுழைந்தது.

யாருக்கும் வேண்டாத கருவி

இன்று பலரின் கனவாக இருக்கும் பேஸ், ஆரம்பத்தில் யாரும் விரும்பி எடுத்துக்கொண்டதல்ல. 1951-ல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர், ஆள் உயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்காக, தோளில் மாட்டிக்கொள்ளும் மின்சார பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஆனாலும் குழுவில் எல்லோருக்கும் முன்னால் நிற்கும் கிட்டார்தான் வேண்டும். பீட்டில்ஸ் குழுவிலும் அதே கதைதான். 1961-ல் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் ஓவியம்தான் தன் வழி என்று ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரிலேயே தங்கிவிட்டார். மற்றவர்கள் தயங்க, அந்த வேலை பால் மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. இடக்கைக்காரரான அவர், வயலின் வடிவத்தில் இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்த ஹோஃப்னர் பேஸை வாங்கினார். விலையும் குறைவு, திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது! 1972-ல் ஒரு வேனிலிருந்து அது திருடு போனது. அரை நூற்றாண்டு கழித்து, 2024-ல்தான் திரும்பக் கிடைத்த செய்தி வெளியானது.

தலையில் விழுந்த வேலையை மெக்கார்ட்னி என்ன செய்தார் என்பதற்கு 1969-ன் ‘கம் டுகெதர்’ ஒன்று போதும். அந்தப் பாட்டின் ஆரம்பத்தில் வளைந்து ஏறி வழுக்கி இறங்கும் பேஸை வாயால் பாடிக் காட்ட முடியும். பேஸ் ஒரு மெட்டாகவே மனசில் நிற்க முடியும் என்று பல பிள்ளைகள் தெரிந்துகொண்டது இந்த மாதிரிப் பாட்டுகளில்தான்.

அவருக்கு யார் குரு? அமெரிக்காவின் ‘மோடவுன்’ நிறுவனத்துக்காக வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனைத் தன்னைப் பாதித்தவராக மெக்கார்ட்னியே சொல்லியிருக்கிறார். ஜேமர்சன் வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக் கம்பியை மீட்டுவார். அந்த விரலுக்கு ‘கொக்கி’ என்றே பட்டப்பெயர். அறுபதுகளில் அமெரிக்காவே ஆடிய எத்தனையோ பாடல்களில் அவர் விரல் இருந்தது, உறையில் பெயர் இல்லை. 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பத்தில்தான் அவர் பெயர் முறையாக அச்சானது. அதற்குள் அவர் வாசித்ததைக் கேட்டு, ஆள் யார் என்றே தெரியாமல், எத்தனையோ பேர் பேஸ் கற்றுக்கொண்டு விட்டார்கள்.

இது நமக்குப் பழக்கமான கதைதான். தமிழ் கேசட் உறைகளில் இசையமைப்பாளர் பெயர் இருக்கும், பாடகர், பாடலாசிரியர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில் பேஸ் வாசித்தவர் சசிதரன். ‘இளைய நிலா’வின் (1982) கிட்டார் சந்திரசேகருடையது, பேஸ் சசிதரனுடையது என்று இன்று ரசிகர்கள் சொல்லிச் சொல்லிப் பரப்புகிறார்கள். அந்தப் பாட்டு வந்த காலத்தில் அதை முணுமுணுத்த எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும்? ஆல்பம் உறையில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களையும் போடும் வழக்கத்தை ஏ.ஆர்.ரஹ்மான் கொண்டுவந்தபோது, அது மரியாதை மட்டுமல்ல, உபகாரமும்கூட. கீத் பீட்டர்ஸ் என்ற சென்னைக்காரரின் பெயரை அப்படித் தெரிந்துகொண்டு தேடித் தேடிக் கேட்டவர்கள் உண்டு. ஒரு கருவியைக் கற்க வேண்டும் என்று தோன்ற, அதை ஒரு மனிதர் வாசிக்கிறார் என்பது முதலில் தெரிய வேண்டுமே!

இருவர் பாணியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றவர், தானே கிட்டார் வாசித்தவர். பேஸ் வாசிக்க வேண்டிய ஒவ்வொரு ஸ்வரத்தையும் நோட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார். எழுதியதற்கு உயிர் கொடுப்பது சசிதரன் போன்றவர்களின் வேலை. ரஹ்மானின் முறையில் கலைஞர்கள் தங்கள் கற்பனைக்கும் வாசிக்கிறார்கள், அதிலிருந்து அவர் தேர்ந்தெடுத்துக் கோப்பார். எந்த முறை உசத்தி என்று டீக்கடையில் சண்டை போடலாம். பேஸ் கற்பவருக்கு இரண்டும் தேவை.

ராஜாவின் பேஸை ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்? ராக் பாட்டில் பேஸ் பெரும்பாலும் ஒரு சின்ன வட்டத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றும். ராஜாவிடம் அது ஊர் சுற்றும். ‘பருவமே புதிய பாடல் பாடு’ (‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’, 1980) பாட்டில் ஓடுகிறவர்களின் காலடிபோல ஒரு தட்டல் கேட்கும். பேஸும் கூடவே மூச்சிரைக்காமல் ஓடி வரும். ‘என் இனிய பொன் நிலாவே’ (‘மூடுபனி’, 1980), அவருடைய நூறாவது படத்துப் பாட்டு. யேசுதாஸ் ஒரு வரியை இழுத்து நிறுத்தும் இடங்களில் அடியில் பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். குரல் ஓய்வெடுக்கும்போது அது பேசும், குரல் பேசும்போது அது ஒதுங்கி நிற்கும். ‘பனிவிழும் மலர்வனம்’ (‘நினைவெல்லாம் நித்யா’, 1982) அடுத்த படி. அதில் பேஸை மட்டும் பின்தொடர்ந்து முழுப் பாட்டையும் கேட்டு முடிப்பது, பரிசலில் சுழலில் மாட்டியதுபோல இருக்கும். கரை சேர்ந்ததும் இன்னொரு முறை போகத் தோன்றும்.

இவற்றை முதல் நாளே வாசிக்க ஆசைப்பட்டு, விரல் ஓடாமல் கிட்டாரைப் பரணில் போட்டவர்களும் உண்டு. அதனால்தான் ஆரம்பத்தில் வாத்தியார்கள் ராக் பாட்டுகளைக் கொடுக்கிறார்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

குவீன் குழுவின் ஜான் டீக்கன் இந்த இடத்தில் பெரிய துணை. நால்வரில் அதிகம் பேசாதவர், கடைசியாகச் சேர்ந்தவர். 1980-ல் அவர் எழுதிய ‘அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்’ பாட்டில் பேஸ்தான் கதாநாயகன். அமெரிக்காவின் ‘ஷிக்’ குழுவில் பெர்னார்ட் எட்வர்ட்ஸ் வாசித்த ‘குட் டைம்ஸ்’ (1979) பேஸைக் கேட்ட பாதிப்பு அதில் உண்டு. ஒரு பேஸ் இன்னொரு பேஸைப் பெற்றெடுக்கும் வழக்கம் அன்றும் இருந்தது! அடுத்த வருடம் டேவிட் போவியோடு சேர்ந்து வந்த ‘அண்டர் பிரஷர்’ இன்னும் எளிது. அதன் பிரபலமான பேஸில் இரண்டே ஸ்வரங்கள். அதை உருவாக்கிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்களாம். திரும்பி வந்தபோது டீக்கனுக்கே மறந்துபோய், டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லர் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது என்பது குழுவினர் பிற்காலத்தில் சொன்ன கதை.

இரண்டு ஸ்வரம்தானே என்று எடுத்து வாசித்தால், வாசிப்பது சுலபமாக இருக்கும், சரியான இடத்தில் நிறுத்துவது கஷ்டமாக இருக்கும். பேஸில் கம்பியை மீட்டுவது பாதி வேலை. மீதிப் பாதி, அதை அமுக்கி மௌனமாக்குவது. தொடாத கம்பிகளும் கூடவே அதிர்ந்து இரையும். அவற்றையும் அடக்க வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும் ஒரு பாட்டு ‘பிங்க் ஃபிளாய்ட்’ குழுவின் ‘மணி’ (1973). ரோஜர் வாட்டர்ஸின் இந்த பேஸ் ஏழு எண்ணிக்கையில் சுழல்கிறது. நாலு நாலாக எண்ணிப் பழகிய மேற்கத்தியக் காதுகள் முதலில் தடுமாறும். ‘தகிட தகதிமி’ என்று மிஸ்ர சாபு போட்டுப் பழகியவருக்கு ஏழு ஒன்றும் பயமில்லை. நடுவே கிட்டார் தனியாவர்த்தனத்தில் பாட்டு நாலு எண்ணிக்கைக்கு மாறும். கையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் அந்த மாற்றம் பிடிபடும்.

வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு. வழக்கமான பேஸில் நாலு கம்பிகள், ஈ, ஏ, டி, ஜி. அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம், சாதாரண மின்சார கிட்டாருக்கு சுமார் இருபத்தைந்தரை. சின்னக் கைகளுக்கு 30 அங்குல ‘ஷார்ட் ஸ்கேல்’ பேஸ் கிடைக்கிறது, மெக்கார்ட்னியின் ஹோஃப்னரும் அந்த ரகம்தான். கம்பி தடிமன் என்பதால் முதல் சில வாரம் விரல் நுனி கொப்பளிக்கும், பிறகு காய்த்துவிடும். சாதாரண கிட்டாருக்கான சின்ன ஆம்ப்ளிஃபயரில் பேஸைச் செருகிச் சத்தத்தை ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியலாம். பேஸுக்கு என்றே ஒன்று வேண்டும், அல்லது ஹெட்போன் மாட்டும் குட்டிக் கருவி போதும். இதில் ஒரு லாபமும் உண்டு. ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் வாசித்தால் மின்சார பேஸின் சத்தம் பக்கத்து அறைக்குக்கூடச் சரியாகக் கேட்காது. அடுக்குமாடி வீட்டில் ராத்திரி பத்து மணிக்கும் பயிற்சி செய்யலாம். பரீட்சை, சான்றிதழ் என்று கேட்கும் பெற்றோருக்கும் பதில் உண்டு. டிரினிட்டி தேர்வுகளில் பேஸுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

‘பொண்ணுக்கு எதுக்கு இவ்வளவு கனமான கிட்டார்?’ என்று கேட்கும் உறவினருக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவின் கரோல் கே, 1963-ல் ஒரு பதிவுக்கு பேஸ் கலைஞர் வராததால் அந்த இடத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகு ஹாலிவுட் ஒலிப்பதிவுக் கூடங்களில் ஆயிரக்கணக்கான பதிவுகள். ‘மிஷன் இம்பாசிபிள்’ தொடரின் இசையிலும் அவர் வாசிப்பு உண்டு. நம் பக்கம் மோகினி டே. மும்பையில் வளர்ந்தவர், தந்தையும் பேஸ் கலைஞர். சிறு வயதிலேயே மேடையேறி, ரஹ்மானின் குழுவில் வாசித்து, இன்று உலக மேடைகளில் தன் பெயரிலேயே கச்சேரி செய்கிறார். கொன்னக்கோல் சொற்கட்டை வாயால் சொல்லிக்கொண்டே அதே வேகத்தில் பேஸில் அவர் இறங்குவதைப் பார்த்தால், ‘அடியில் இருக்கும் கருவி’ என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

ஆனால் ஆரம்பித்த புதிதில் வீட்டில் ஒரு பிரச்னை வந்தே தீரும். பேஸைத் தனியாக வாசித்தால் பாட்டு அடையாளம் தெரியாது. கிட்டார் கற்றுக்கொள்ளும் பையன் இரண்டே வாரத்தில் ஒரு பாட்டை வாசித்துக் காட்டி விருந்தாளிகளிடம் கைதட்டு வாங்கிவிடுவான். பேஸ் கற்றுக்கொள்பவள் ‘இளைய நிலா’வை ஒரு பிசகு இல்லாமல் வாசித்தாலும், ‘ஏதோ தும் தும்னு நல்லாதான் இருக்கு, என்ன பாட்டும்மா இது?’ என்பார் பாட்டி. அதனால்தான் முதல் வாரத்திலிருந்தே பாட்டை ஓடவிட்டுக் கூடவே வாசிக்கச் சொல்கிறார்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு வாசித்தால் இன்னும் நல்லது. போனால் தர முடியாத அந்த அடிச்சத்தம் மட்டும், அறைக்குள் அவள் விரலிலிருந்து வந்துகொண்டிருக்கும்.